64 வாங்கினால் 59 தானா?

வீட்டுக் கணக்கு



திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்கிறது. பிறந்த அன்றிலிருந்து எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் செல்போனில் நிரம்பி வழிகின்றன. பத்திரப்படுத்தி வைக்கலாமே என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 64 ஜி.பி. பென்டிரைவ் வாங்கியிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் 59.6 என்று காட்டுகிறது. உடனே கடைக்கு ஓட்டம்.

"அண்ணே, அட்டையில 64-னு போட்டிருக்கு. உள்ள 59 தானே இருக்கு?"

"அது எல்லாத்துலயும் அப்படித்தாம்மா இருக்கும்."

"அதெப்படிண்ணே? மிச்சம் எங்க போச்சு?"

"கம்பெனிக்காரங்களைத்தான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்தால், "காசைக் கொடுத்து ஏமாந்துட்டு வந்தியா?" என்று மாமியார் வேறு. 'நான் ஏமாந்தேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

59.6 காட்டியதை மட்டும் வைத்துச் சொன்னால், நீங்கள் ஏமாறவில்லை, சகோதரி. அந்தக் கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பென்டிரைவ் வியாபாரத்தில் நிஜமான ஏமாற்று வேறு ஒன்று இருக்கிறது. நேர்மையான குறைவு எது, மோசடி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், நல்ல கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, கெட்டவரிடம் குழந்தையின் போட்டோக்களைப் பறிகொடுப்போம்.

பெரிய படி, சின்னப் படி

இந்தக் கணக்கை உங்கள் மாமியாரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். "அத்தை, உங்க காலத்துல அரிசியை எப்படி அளந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி. 8 படி ஒரு மரக்கால் என்று பழைய வாய்ப்பாடு வரும். 2 மரக்கால் ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி என்று இன்னும் மேலே போகும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாம் இரண்டு இரண்டாகப் பெருகுகிறது. 1, 2, 4, 8, 16... ஒரு மரக்காலுக்கு 64 ஆழாக்கு! பின்னமும் அப்படித்தான்: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. தராசு இல்லாத வீட்டில் பத்தில் ஒரு பங்கு எடுப்பது கஷ்டம். இரண்டு பாத்திரத்தில் சமமாக ஊற்றிப் பாதியாக்குவது யாருக்கும் வரும். அதனால் நம் சமையலறைக்கு இரண்டின் கணக்குதான் தோது.

சிக்கல் எங்கே வந்தது? 'படி' என்ற பெயர் ஒன்றாக இருந்தும் அளவு ஒன்றாக இல்லாததில். பெரிய படி, சின்னப் படி என்று கேட்டுக் கேட்டு வாங்கிய காலம் அது. ஒரு ஊர்ப் படியில் பேசிய விலைக்கு இன்னொரு ஊர்ப் படியில் அளந்தால் வீட்டில் சண்டைதான். பூக்காரம்மாவின் முழம் இன்றைக்கும் அவரவர் கையைப் பொறுத்ததுதானே? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. கிலோவும் லிட்டரும் நாடு முழுக்க ஒன்றாயின.

காசிலும் இதே கதை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று மாற்றினார்கள். பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே சமயத்தில் கையில் புரண்டால் ஜனங்கள் குழம்புவார்களே! அதனால் புதுக் காசுக்கு 'நயா பைசா' என்று தனிப் பெயர் வைத்தார்கள். பழசு மறைந்த பிறகு, 1964-ல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு அளவு வந்தால், ஒன்றுக்குப் புதுப் பெயர் கொடு. நல்ல யோசனை, இல்லையா? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்து லீவர் பூட்டு

கம்ப்யூட்டருக்கும் இரண்டின் கணக்குதான் தோது. காரணத்தை நம் ஊர்ப் பூட்டை வைத்தே பார்த்துவிடலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குள் லீவர் என்ற தகடுகள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் தன் தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும்.

கணக்குக்காக, ஒவ்வொரு வெட்டும் உயரம் அல்லது குட்டை என்று இரண்டே விதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீவர் இருந்தால் 2 விதமான சாவி செய்யலாம். இரண்டு லீவருக்கு 4. மூன்றுக்கு 8. ஒரு லீவர் கூட்டினால் சாவியின் வகை இரட்டிப்பாகும். பத்து லீவர் வைத்தால் 1,024 விதம். 1,000 வராது, 1,024 தான் வரும்.

கம்ப்யூட்டரின் நினைவகம் சின்னச் சின்ன அறைகளாக இருக்கிறது. எந்த அறை வேண்டும் என்று சொல்லக் கம்பிகள் உண்டு. ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் உண்டு, அல்லது இல்லை. இரண்டே நிலை. பத்துக் கம்பி இருந்தால் 1,024 அறைகளை அழைக்கலாம். அந்த 'உண்டு, இல்லை' ஒன்றுக்குப் பெயர் பிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 8 ஆழாக்கு ஒரு படி என்ற மாதிரியே! இங்கிலீஷில் ஓர் எழுத்தை எழுத ஒரு பைட் போதும்.

நம் நாட்டுக் கம்ப்யூட்டர்களிலேயே இதைப் பார்க்கலாம். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கம்ப்யூட்டருக்கு நினைவகம் 2,048 'சொற்கள்'. அதாவது 1,024-ஐப் போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் 40 பிட். மொத்தமும் கூட்டினால் 10,240 பைட். நீங்கள் காலையில் அனுப்புகிற ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதில் அடங்காது!

ஆச்சா? இந்த 1,024-க்கு என்ன பெயர் வைப்பது? கிலோ என்றால் ஆயிரம் என்று உலகத்துக்கே தெரியும். 24 தானே கூட, போகட்டும் என்று கம்ப்யூட்டர்காரர்கள் 1,024 பைட்டையும் 'கிலோபைட்' என்றே சொல்லிவிட்டார்கள். அங்கே பிடித்தது சனி.

சில்லறை கோடியான கதை

கிலோபைட்டில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 1,024-ஐ மறுபடி 1,024-ஆல் பெருக்கினால் மெகாபைட். அது 10 லட்சம் அல்ல, 10 லட்சத்து 48 ஆயிரத்து 576. இன்னொரு தடவை பெருக்கினால் ஜிகாபைட், அதாவது ஜி.பி. அது 100 கோடி பைட்டாக இருக்காது. 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டாகிவிடும். வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரி, நூற்றுக்கு இரண்டரையாக இருந்த வித்தியாசம் ஏழரையை நெருங்கிவிட்டது. அதற்கும் மேலே டி.பி. என்றால் கிட்டத்தட்ட பத்து!

ஆகவே ஜி.பி.யிலும் இரண்டு உண்டு. 100 கோடி பைட் கொண்டது சின்ன ஜி.பி. 107 கோடிச் சொச்சம் கொண்டது பெரிய ஜி.பி. பெரிய படி, சின்னப் படி மாதிரியேதான்.

பென்டிரைவ், மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க் செய்கிற கம்பெனிகள் சின்ன ஜி.பி.யில் அளந்து விற்கின்றன. விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டர் பெரிய ஜி.பி.யில் அளந்து காட்டுகிறது. இரண்டு பேரும் 'ஜி.பி.' என்றே எழுதுகிறார்கள். உங்கள் பென்டிரைவில் இருப்பது 6,400 கோடி பைட். அதை 107.37 கோடியால் வகுத்துப் பாருங்கள்: 59.6. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. சின்னப் படியில் 64 அளந்து கொடுத்ததைப் பெரிய படியில் அளந்தீர்கள், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு வேடிக்கை. '8 ஜி.பி. ராம், 128 ஜி.பி. ஸ்டோரேஜ்' என்று செல்போன் விளம்பரத்தில் ஒரே வரியில் போடுகிறார்களே, அதில் 8 என்பது பெரிய படி. 128 என்பது சின்னப் படி! ராம் என்ற வேலை நினைவகம் கம்பிக் கணக்கில் செய்யப்படுவதால் இரண்டின் மடங்காகவே வரும். சேமித்து வைக்கிற இடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைப் போட்டுத் தருகிற சி.டி.யில் 700 எம்.பி. என்பது பெரிய அளவு. டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. என்பது சின்ன அளவு. பழைய ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி. என்று போட்டிருந்தது இரண்டும் இல்லை; 1,000-ஐ 1,024-ஆல் பெருக்கிய கலப்படம். பாதிப் பால் லிட்டரில், பாதிப் பால் படியில் அளந்த கதை!

கோர்ட்டுக்குப் போன கணக்கு

நம் வாசகி கேட்ட கேள்வியை அமெரிக்காவில் கோர்ட்டிலேயே கேட்டார்கள். ஹார்டு டிஸ்க் குறைகிறது என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி 2006-ல் இலவச மென்பொருள் தருவதாகச் சமாதானம் செய்துகொண்டது. 2007-ல் சீகேட் கம்பெனி, விலையில் நூற்றுக்கு ஐந்து அல்லது மென்பொருள் தருவதாக ஒப்புக்கொண்டது. தாங்கள் தவறு செய்ததாக இரண்டும் ஏற்கவில்லை. இன்று பல பெட்டிகளில் '1 ஜி.பி. என்றால் 100 கோடி பைட்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பாருங்கள்.

இதற்கு முன்பே, 1998 டிசம்பரில், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 'நயா பைசா' வழியில் ஒரு தீர்வு சொன்னது. கிலோ, மெகா, கிகா எல்லாம் ஆயிரத்தின் கணக்குக்கே இருக்கட்டும். 1,024 கணக்குக்குத் தனிப் பெயர். கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி, கிகாவுக்குப் பதில் கிபி, டெராவுக்குப் பதில் டெபி. அட, கிபி இரண்டு தடவை வருகிறதே என்கிறீர்களா? இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பஞ்சாங்கத்தில் வரும் கி.பி. வேறு! நமக்குப் பெரிய ஜி.பி., சின்ன ஜி.பி. என்பதே சுலபம்.

நயா பைசா ஒரே நாளில் நாடெங்கும் செல்லுபடியானது, சர்க்கார் சட்டம் போட்டதால். இந்தப் புதுப் பெயர்களுக்கு அந்தப் பலம் இல்லை. விண்டோஸ் இன்னும் பெரிய அளவில் அளந்துவிட்டு 'ஜி.பி.' என்றே எழுதுகிறது. ஆப்பிள் கம்பெனி 2009-லிருந்து தன் மேக் கம்ப்யூட்டர்களில் சின்ன அளவுக்கு மாறிக்கொண்டது. அதனால் ஒரே பென்டிரைவ் உங்கள் வீட்டில் 59.6 என்றும், மேக் வைத்திருக்கும் நாத்தனார் வீட்டில் 64 என்றும் காட்டும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பாடு

பெட்டியில் போட்டிருக்கும் ஜி.பி.யை 93-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுங்கள். விண்டோஸ் ஏறக்குறைய அதைத்தான் காட்டும்.

16 என்றால் 14.9
32 என்றால் 29.8
64 என்றால் 59.6
128 என்றால் 119.2
256 என்றால் 238.4
320 என்றால் 298
1 டி.பி. என்றால் 931 ஜி.பி.

எந்த பைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கணக்கேட்டுக்கும் சிறிது இடம் போகும். 64-க்கு 58 அல்லது 57 சொச்சம் காட்டினாலும் பயப்பட வேண்டாம். அதற்கும் வெகு கீழே போனால் கேள்வி கேளுங்கள். செல்போனில் கணக்கு வேறு. அதை இயக்கும் மென்பொருளே உள்ளே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கல்யாண வீடியோ: போட்டோ ஸ்டூடியோவில் "வீடியோ மொத்தம் 62 ஜி.பி.ம்மா, ஒரு பென்டிரைவ் வாங்கிட்டு வாங்க" என்றால் 64 வாங்கிப் போகாதீர்கள். அவர் விண்டோஸில் பார்த்துச் சொல்லும் 62, பெட்டிக் கணக்கில் 66-க்கு மேல். கொள்ளாது. 128 வாங்குங்கள்.

'இடம் இருக்கு, ஆனா ஏறலை': 32 ஜி.பி.யும் அதற்குக் குறைந்தவையும் பெரும்பாலும் 'ஃபேட் 32' என்ற முறையில் வரும. அதில் தனி பைல் ஒன்று 4 பெரிய ஜி.பி.யை எட்டக்கூடாது. பைலின் அளவை எழுத அதில் 32 பிட் இடம்தான். நம் பத்து லீவர் பூட்டுக்குப் பதில் 32 லீவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் சரியாகும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் வேகம்: '100 எம்.பி.பி.எஸ்.' என்று விற்கிறார்களே, அது மெகாபிட், மெகாபைட் அல்ல. ஆழாக்கைச் சொல்லிவிட்டு நாம் படி என்று நினைத்துக்கொள்கிறோம். 8-ஆல் வகுங்கள். முழு வேகம் வந்தாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

நிஜமான ஏமாற்று

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென்டிரைவ் என்று வருகிறது பாருங்கள், அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். உள்ளே இருக்கும் சிப் வெறும் 8 அல்லது 16 ஜி.பி.யாக இருக்கலாம். ஆனால் 'நான் 2 டி.பி.' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். திரையில் அளவு சரியாகவே தெரியும். முதலில் போடுகிற போட்டோக்கள் நன்றாகத் திறக்கும். இடம் தீர்ந்த பிறகு போடுபவை பெயர் மட்டும் தெரியும், திறக்காது; அல்லது பழையவற்றின் மேலேயே எழுதி அவற்றையும் கெடுத்துவிடும். குழந்தையின் முதல் நடையைத் தேடும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் செல்போனில் இருந்ததை அழித்திருப்போம்.

ஆகவே 59.6 காட்டுகிறது என்று பயப்படவும் வேண்டாம். திரையில் கணக்குச் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். வாங்கியதும் இப்படிச் செய்யுங்கள்:

1. பில் கேட்டு வாங்குங்கள். அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள்.

2. முதலில், போனால் பரவாயில்லை என்கிற பைல்களைப் போட்டுப் பென்டிரைவை முழுக்க நிரப்புங்கள். கழற்றி, திரும்பச் செருகி, கடைசியில் போட்டவற்றைத் திறந்து பாருங்கள். நடுவில் சிலவற்றையும் பாருங்கள். முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்களும் உண்டு. காலேஜ் போகும் பிள்ளைகளைக் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

3. சோதனையில் தேறிய பிறகு போட்டோக்களைப் போடுங்கள். போட்ட கையோடு செல்போனில் அழிக்காதீர்கள்.

4. ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பென்டிரைவ் காலத்துக்கும் தாங்கும் பெட்டகம் அல்ல. மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் எழுதியது மங்கிப் போகலாம். பென்டிரைவில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கிலோ இன்டர்நெட் சேமிப்பிலோ இன்னொன்று என்று இரண்டு நகல் வேண்டும். வருஷம் ஒரு தடவை, குழந்தையின் பிறந்த நாளன்று, திறந்து பார்த்துவிடுங்கள். மிக அருமையான நாலைந்து படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவதும் நல்லதுதான்.

5. சோதனையில் பொய் தெரிந்தால், பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை. கடைக்கு ஓடிப்போய்க் கேட்டீர்களே, அது சரியான காரியம். அளவு குறைகிறதே என்று கேட்காமல் வாங்கி வைப்பவர்களிடம்தான் மோசடி பிழைக்கிறது. இனிமேல் "எத்தனை ஜி.பி.?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்தப் படியில் அளந்தது?" என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மரக்கால் கணக்கு தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அடுத்த இதழில் இன்னொரு வீட்டுக் கணக்கோடு சந்திப்போம்.